கணுக்கால் முறிவும் ஆபரேஷனும்: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை நாளில் காப்பித் தோட்டத்துச் சரிவில் பாசி வழுக்கி விழுந்தவர், ஐந்து ரோடு பக்கம் வண்டியோடு சாய்ந்தவர், சொந்த வீட்டு வாசற்படியில் கால் மடங்கியவர் என்று கணுக்காலை உடைத்துக்கொள்கிறவர்களில் எல்லா வகையும் உண்டு. உறவினர்கள் முதலில் கேட்பது "எலும்பு ஒட்டிவிடுமா?" என்றுதான். கணுக்காலில் எலும்பு பெரும்பாலும் ஒட்டிவிடும். அது எந்த நிலையில் ஒட்டுகிறது, அதை மூடியிருக்கும் மெல்லிய தோல் தாங்குமா என்பவைதான் கவலைப்பட வேண்டிய இரண்டு விஷயங்கள். கீழே உள்ள பதில்களில் முக்கால்வாசி இந்த இரண்டைச் சுற்றியே வரும்.

விழுந்தவுடன் என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை கொலுசையும் மெட்டியையும் கழற்றுவது. விழுந்த சிறிது நேரத்திலேயே கால் நன்றாக வீங்கிவிடும். அதன் பிறகு கொலுசு சதைக்குள் புதைந்து, பாதத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையே இறுக்கும். நம் ஊர்க் கெட்டிக் கொலுசில் திருகு பெரும்பாலும் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். சோப்புத் தண்ணீர் விட்டுத் திருகிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் வராவிட்டால் யோசிக்காமல் கட்டிங் பிளேயரால் வெட்டிவிடுங்கள். திருகுக்குப் பக்கத்துக் கண்ணியில் வெட்டினால், வெள்ளி வேலைக்குப் பேர்போன செவ்வாய்ப்பேட்டையில் பற்றவைத்துத் தந்துவிடுவார்கள். வெள்ளி போய்விடுமே என்று தயங்கி, கொலுசோடு மருத்துவமனைக்கு வந்து அங்கே வெட்டுவது இன்றும் நடக்கிறது.

பிறகு, கால் கிடக்கும் நிலையிலேயே முழங்கால் முதல் பாதம் வரை ஒரு தலையணையால் சுற்றி, இரண்டு துண்டால் கட்டுங்கள். அட்டைப்பெட்டியைக் கிழித்து இருபுறமும் வைத்தால் இன்னும் நல்லது. துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வைக்கலாம். எண்ணெய் போட்டு உருவிவிட வேண்டாம். சாப்பாடு, காப்பி எதுவும் கொடுக்க வேண்டாம். அன்றே மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் வயிறு காலியாக இருப்பது அவசியம்.

எலும்பு வெளியே தெரிந்தாலோ, முறிந்த இடத்துக்கு மேலேயே காயம் இருந்தாலோ, சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்து மூடுங்கள், அவ்வளவுதான். மலையில் காப்பித்தூள், ஊரில் மஞ்சள்தூள் என்று ரத்தத்தை நிறுத்த அப்பிவிடும் வழக்கம் உண்டு. திறந்த முறிவில் அந்தத் தூளை ஒவ்வொரு துகளாகக் கழுவி எடுக்கவே ஆபரேஷன் நேரத்தில் பெரும்பகுதி போய்விடும், அதற்குப் பிறகும் சீழ் வைக்கும் ஆபத்து தங்கிவிடும்.

ஏற்காட்டிலிருந்து கீழே கொண்டுவர வேண்டும். எப்படி?

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும் என்பதால் கட்டாத காலோடு கிளம்பவே கூடாது. ஒவ்வொரு வளைவிலும் உடைந்த முனை உள்ளிருந்து தோலைக் குத்தும். 108 வருவதற்குத் தாமதமாகும் என்று ஜீப்பில் ஏற்றினால், பின் இருக்கையில் காலை நீட்டி, சீட்டின் மேலேயே தலையணையில் வைத்து வாருங்கள். தொங்கப்போட்டால் அடிவாரம் வருவதற்குள் வீக்கம் கண்ணுக்கு முன்னாலேயே ஏறும்.

பாதம் ஒரு பக்கமாகத் திரும்பிக் கோணலாகத் தெரிந்து, கணுவுக்கு மேலே தோல் வெளுத்து விறைத்திருந்தால், அல்லது விரல்கள் சில்லிட்டு நீலமானால், மூட்டு விலகியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியிருந்தால் நேரே சேலத்துக்கு ஓட வேண்டாம். முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வலி ஊசி போட்டு மூட்டை இழுத்து நேராக்கி, ஸ்லாப் (காலின் ஒரு பக்கம் மட்டும் வைக்கும் அரை மாவுக்கட்டு) போட்டு அனுப்பச் சொல்லுங்கள். எக்ஸ்ரேக்குக்கூடக் காத்திருக்கக் கூடாத நிலை இது. நசுங்கிய தோல் சில மணி நேரத்தில் செத்துவிடும். பிறகு எவ்வளவு நன்றாக எலும்பைப் பொருத்தினாலும் அதை மூடத் தோல் இருக்காது.

சுளுக்கா, முறிவா? வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவு முடியும். அடிபட்ட உடனேயும் சரி, பிறகும் சரி, நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கணுவின் இருபுறமும் உள்ள புடைப்பு எலும்பில், நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை, பின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். எலும்பின் மேலேயே வலித்தாலும் எக்ஸ்ரே தேவை. ஒட்டாவா விதி என்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற சோதனை இது. எலும்பில் வலிக்காமல் அதற்கு முன்னாலும் கீழேயும் சதையில் மட்டும் வலித்து, நொண்டியாவது நடக்க முடிந்தால் பெரும்பாலும் சுளுக்கு. ஏற்கெனவே மரத்துப்போன கால் உள்ள சர்க்கரை நோயாளிக்கு இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். முறிந்த காலோடு மூன்று நாள் நடந்து வருகிறவர்கள் அவர்கள்தான்.

ஒரே மாதிரி உடைந்ததாகத்தான் தெரிகிறது. ஒருவருக்குக் கட்டு, இன்னொருவருக்கு ஆபரேஷன். ஏன்?

மரக்கட்டிலின் காலில் துளை போட்டுச் சட்டத்தைச் செருகுவார்களே, கணுக்கால் அந்த மாதிரிப் பொருத்து. உள்பக்கம் தடித்த டிபியா, வெளிப்பக்கம் மெல்லிய ஃபிபுலா, இரண்டின் நுனிகளும் சேர்ந்து துளை. அதற்குள் கச்சிதமாக உட்காரும் எலும்பு டாலஸ். டிபியாவையும் ஃபிபுலாவையும் கீழே சேர்த்துக் கட்டியிருக்கும் தசைநார்க் கட்டுக்கு சின்டெஸ்மோசிஸ் என்று பெயர். உள்பக்கக் கணுவிலிருந்து விசிறி போல விரிகிற கெட்டியான தசைநார் டெல்டாய்டு.

டாலஸ் துளைக்குள் அசையாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 1976 இல் ராம்சே, ஹாமில்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இறந்தவர்களின் கால்களில் அளந்து பார்த்தார்கள். டாலஸ் வெளிப்பக்கமாக 1 மி.மீ. நகர்ந்தாலே மூட்டின் எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு 42 சதவீதம் குறைந்தது. முழு உடல் எடையும் மிச்சப் பரப்பில் இறங்கினால் குருத்தெலும்பு தேயும், சில வருடங்களில் மூட்டுவாதம் வரும். "சின்ன விலகல்தானே" என்ற பேச்சு கணுக்காலில் செல்லாததற்குக் காரணம் இதுதான்.

வெளிக் கணு மட்டும் உடைந்து, டாலஸ் இடம் மாறாமல் இருந்தால் கட்டோ, கணுவை அசையாமல் பிடிக்கும் மருத்துவ பூட்ஸோ போதும். ஆபரேஷன் தேவையில்லாமல் செய்துகொள்ள வேண்டாம். உள், வெளி இரண்டும் உடைந்தால், அல்லது வெளிக் கணு உடைந்து உள்பக்க டெல்டாய்டு கிழிந்திருந்தால், பொருத்து இரண்டு பக்கமும் தளர்ந்துவிட்டது. அப்போது எலும்பில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்தும் உலோகப் பிளேட் வேண்டும். டிபியாவின் பின் விளிம்பும் சேர்ந்து உடைந்தால் அதற்கு ட்ரைமல்லியோலர் என்று பெயர். அதில் சி.டி. ஸ்கேன் கேட்பது பணம் பிடுங்க அல்ல. பின் துண்டின் உருவம் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது.

ரிப்போர்ட்டில் வெபர் ஏ, பி, சி என்று எழுதியிருப்பார்கள். ஃபிபுலா மூட்டு மட்டத்துக்குக் கீழே உடைந்தால் ஏ, மட்டத்தில் உடைந்தால் பி, மேலே உடைந்தால் சி. ஏ பெரும்பாலும் கட்டோடு முடியும், சி பெரும்பாலும் ஆபரேஷன். 'பி' வகைதான் சிக்கல். அதில் சாதாரணப் படத்தோடு, காலை 15–20 டிகிரி உள்ளே திருப்பி எடுக்கும் மார்ட்டிஸ் படம் அவசியம். உள்பக்கக் கணுவுக்கும் டாலஸுக்கும் இடையில் உள்ள இடைவெளி 4 மி.மீ.யைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். சிலருக்குக் காலை ஊன்றிய நிலையிலோ, ஒரு வாரம் கழித்தோ மறுபடி படம் எடுப்பார்கள். படுத்த நிலையில் சரியாகத் தெரிந்தது எடை இறங்கும்போது விலகலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. உள்பக்கம் வீங்கியிருக்கிறது, கணுக்கால் படத்தில் ஃபிபுலா முறிவே இல்லை என்றால், முழங்காலுக்குக் கீழே ஃபிபுலாவின் மேல் முனையை அழுத்திப் பாருங்கள். திருகு விசை மேலே ஏறி அங்கே உடைத்திருக்கும். மெசனூவ் முறிவு என்பார்கள். கணுக்கால் மட்டும் படம் எடுத்தால் தவறிப்போகும்.

நாட்டுக்கட்டு போட்டால் ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும் என்கிறார்களே?

முன்கை எலும்பு விலகாமல் உடைந்தால் மூங்கில் பத்தைக் கட்டிலும் ஒட்டும், மாவுக்கட்டிலும் ஒட்டும். கணுக்கால் மூட்டை வெளியிலிருந்து தடவி 1 மி.மீ. துல்லியத்துக்குக் கொண்டுவர யாருடைய கைக்கும் முடியாது. மருத்துவர் கைக்கும் முடியாது, அதனால்தான் தோலைத் திறக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து, கோணலாக ஒட்டிய கணுக்காலோடு வந்தால் ஒட்டிய எலும்பை மறுபடி வெட்டித் திருத்த வேண்டும். முதலிலேயே செய்வதைவிட அது பல மடங்கு கடினம். ஏற்கெனவே கட்டிக்கொண்டு வந்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், என்றைக்குக் கட்டியது, எத்தனை முறை பிரித்துக் கட்டியது என்று சொல்லுங்கள். கட்டு இறுக்கமாக இருந்து விரல் மரத்தால் அன்றே பிரியுங்கள்.

அட்மிட் பண்ணி பத்து நாள் ஆகிறது, இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை. கவனிக்கவில்லையா?

பெரும்பாலும் உங்கள் காலுக்கு நல்லதைத்தான் செய்கிறார்கள். கணுவில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதையே கிடையாது. வீங்கி மினுமினுக்கும் தோலில் கத்தி வைத்தால் தையல் சேராது, விரிந்துவிடும், உள்ளே பிளேட் தெரியும். ஆகவே இரண்டே சந்தர்ப்பங்கள்: விழுந்த 6–8 மணி நேரத்துக்குள் வீக்கம் ஏறும் முன்பு, அல்லது வீக்கம் வடிந்த பிறகு. வடிய ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். தேதியை நிர்ணயிப்பது டாக்டரின் டைரி அல்ல, தோல்தான்.

வடிந்ததை நீங்களே பார்க்கலாம். கணுவின் வெளிப்பக்கத் தோலை இரண்டு விரலால் மெதுவாக ஒன்றுசேர்த்துப் பாருங்கள். வயல் காய்ந்து வரி விழுந்ததுபோல மெல்லிய சுருக்கங்கள் தெரிந்தால் தயார். தெரியாமல் பலூன்போல வழுவழுப்பாக இருந்தால் இன்னும் இல்லை.

கொப்புளம் எழும்பினால் குத்தி உடைக்காதீர்கள். தெளிந்த நீர்க் கொப்புளம் மேலோட்டமானது. ரத்தம் கட்டிய கருங்கொப்புளம் தோலின் ஆழம் வரை அடிபட்டதைக் காட்டுகிறது. அதன் மேல் கத்தி வைக்க மாட்டார்கள், ஆறும்வரை காத்திருப்பார்கள். வீக்கம் ரொம்ப அதிகமாகவோ, மூட்டு ஸ்லாப்பில் நிற்காமல் நழுவிக்கொண்டோ இருந்தால், வெளியே கம்பி மாட்டி நிறுத்தி வைப்பார்கள். அது நிரந்தரம் அல்ல, இடைக்காலப் பூட்டு.

இந்த நாட்களில் நோயாளி செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே வைத்திருப்பது. கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டு செங்கல் கொடுத்து உயர்த்தி, மேலே தலையணை. பார்க்க வருகிறவர்களை உட்காரவைக்க நோயாளி காலைத் தொங்கப்போட்டு எழுந்து உட்காருவதால் மட்டுமே ஒரு நாள் வீணாவது உண்டு.

ஆபரேஷனுக்கு முன் மாத்திரைகளை என்ன செய்ய வேண்டும்?

எல்லா அட்டையையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ரத்தம் கட்டாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இதய மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவற்றை வழக்கமாக ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்துவார்கள். இல்லையென்றால் பட்டினியில் ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. திட உணவு 6 மணி நேரம் முன்பும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பும் நிறுத்த வேண்டும். பீடி, சிகரெட், வாயில் அதக்கும் புகையிலை எதுவானாலும் விழுந்த நாளிலிருந்தே விடுங்கள். நிகோடின் தோலின் நுண் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, அதே மெல்லிய தோல்தான் ஆற வேண்டும்.

உள்ளே என்னதான் செய்கிறார்கள்?

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வது வழக்கம். நோயாளி விழித்திருப்பார். கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற்றுவார்கள். தொடையில் காற்றுப்பட்டை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். அதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

வழக்கமாக முதலில் வெளிக் கணு. காரணம், ஃபிபுலாவின் நீளமும் திருப்பமும் சரியாக வந்தால் டாலஸ் தானாகத் தன் இடத்துக்கு வரும். முறிவின் நடுவே உறைந்த ரத்தத்தைச் சுரண்டிக் கழுவி, கூர்முனைக் கவ்வியால் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, குறுக்காக ஒரு 3.5 மி.மீ. ஸ்க்ரூ. அது இரண்டு துண்டையும் இறுக்கும். அதன் மேல் வளைந்த மெல்லிய பிளேட்டை எலும்போடு படிய வைத்து, முறிவுக்கு மேலே மூன்று ஸ்க்ரூ, கீழே இரண்டு மூன்று. கீழ் ஸ்க்ரூக்களின் நீளத்தில்தான் கவனம் வேண்டும், ஒரு சுற்று கூடினாலும் நுனி மூட்டுக்குள் எட்டிப் பார்க்கும்.

உள்பக்கக் கணுவுக்கு 4 மி.மீ. ஸ்க்ரூ இரண்டு, நுனியிலிருந்து மேல் நோக்கி. துண்டு சின்னதாக இருந்தால் கம்பி கட்டி இழுப்பார்கள். அடுத்து, ஃபிபுலாவைக் கொக்கியால் வெளிப்பக்கமாக இழுத்து, சி-ஆர்ம் (ஆபரேஷன் அறையிலேயே எக்ஸ்ரே காட்டும் கருவி) திரையில் பார்ப்பார்கள். டிபியாவுக்கும் ஃபிபுலாவுக்கும் நடுவில் இடைவெளி விரிந்தால் சின்டெஸ்மோசிஸ் கிழிந்திருக்கிறது. மூட்டுக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே, ஃபிபுலாவிலிருந்து டிபியாவுக்குள், பின்னிருந்து முன்னோக்கிச் சற்றுச் சாய்வாக ஒரு நீள ஸ்க்ரூ போடுவார்கள், அல்லது இரண்டு பக்கமும் பட்டன் வைத்த உறுதியான நூல். இதை நேராகப் பொருத்துவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஃபிபுலா ஒரு சில டிகிரி திரும்பி உட்கார்ந்தாலும் கால் நாளடைவில் வலிக்கும்.

கீறலுக்குக் கீழே பாதத்தின் மேற்புறம் மரத்திருந்தால் பயப்பட வேண்டாம். அங்கே ஓடும் தோல் நரம்பு இழுபட்டிருக்கும், மெதுவாகத் தெளியும். சிலருக்கு ஒரு பட்டையளவு நிரந்தரமாகவே மரத்திருக்கும், நடையைப் பாதிக்காது.

ஸ்டீல் பிளேட்டா, டைட்டேனியமா?

கணுக்காலுக்கு இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆபரேஷனில் பயன்படும் ஸ்டீல் 316 எல் வகை. உருக்காலை இருக்கும் ஊரில் இதைச் சொன்னால் "நம்ம ஊர்த் தட்டு டம்ளர் ஸ்டீல்தானே" என்பார்கள். சமையலறை ஸ்டீல் பெரும்பாலும் 304. 316 எல்லில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உடம்பின் உப்புநீரில் அரிக்காமல் நிற்கும். டைட்டேனியம் விலை அதிகம், சற்று இலகு, நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பொருத்தம். சாதாரண முறிவில் விலை வித்தியாசம் கொடுத்து வாங்கும் அளவுக்குப் பலன் கிடையாது. பிளேட் இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். பொதுவாக எடுக்கலாம், டெக்னீஷியனிடம் முன்கூட்டியே சொன்னால் போதும்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கால் உயரத்தில்தான் இருக்க வேண்டும், குதிகால் அந்தரத்தில். தலையணையைக் கெண்டைக்காலுக்குக் கீழே வையுங்கள், குதிகாலுக்குக் கீழே அல்ல. ஸ்லாப்புக்குள் குதிகால் அழுந்தி புண் வருவது சகஜம், வலி மாத்திரையில் அது தெரியாது. பாதம் 90 டிகிரியில் நிற்கிறதா என்று தினமும் பாருங்கள். ஸ்லாப் தளர்ந்து பாதம் கீழ்நோக்கித் தொங்கினால் குதிநாண் சுருங்கி, பிறகு மாதக்கணக்கில் இழுக்க வேண்டியிருக்கும்.

மணிக்கொரு முறை விரல்களை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். பாத்ரூமுக்கு வாக்கர் அல்லது கம்பு. கம்பின் மேல் முனைக்கும் அக்குளுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி, எடை முழுக்க உள்ளங்கையில். அக்குளில் தொங்கினால் கை நரம்பு மரத்துப்போகும். படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது கம்பும் அடிபட்ட காலும் முன்னே. அடி ரப்பர் தேய்ந்த கம்போடு ஏற்காட்டு ஈரத் திண்ணையில் நடந்தால் இன்னொரு முறிவு நிச்சயம், ரப்பரை முதலிலேயே மாற்றிவிடுங்கள். இந்தியன் டாய்லெட் என்றால் மேலே வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவிடுங்கள்.

தையல் 12–14 ஆம் நாள் பிரிப்பார்கள், சர்க்கரை இருந்தால் மூன்று வாரம்வரைகூட விட்டுவைப்பார்கள். அதுவரை தண்ணீர் படக் கூடாது. பிளாஸ்டிக் பையில் கட்டி, காலை ஸ்டூலில் வெளியே நீட்டிக் குளிக்கலாம்.

எப்போது காலை ஊன்றலாம்?

பழைய வழக்கம் ஆறு வாரம் தொடவே கூடாது என்பது. 2024 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வு, உறுதியாகப் பொருத்திய கணுக்காலில் இரண்டு வாரத்தில் ஊன்றத் தொடங்கியவர்கள் ஆறு வாரம் காத்திருந்தவர்களைவிடப் பின்தங்கவில்லை என்று காட்டியது. அதனால் சில மருத்துவர்கள் இப்போது சீக்கிரமே பூட்ஸோடு நடக்கச் சொல்கிறார்கள். இது எல்லோருக்கும் அல்ல. எலும்பு மெத்தென்றிருந்தால், சின்டெஸ்மோசிஸ் ஸ்க்ரூ இருந்தால், பின் விளிம்பு பெரிதாக உடைந்திருந்தால், பாதம் மரத்த சர்க்கரை நோயாளியாக இருந்தால் ஆறு வாரமோ அதற்கு மேலோதான். பக்கத்து வீட்டுக்காரர் எப்போது நடந்தார் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள். எழுதவில்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

"பாதி எடை போடுங்கள்" என்றால் எத்தனை கிலோ என்று யாருக்கும் தெரியாது. வீட்டு எடை மெஷினை எடுத்து, அடிபட்ட காலை அதன் மேலும் நல்ல காலை அதே உயரத்துப் பலகையிலும் வைத்து, கம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அழுத்துங்கள். முதலில் 15 கிலோ காட்டும்வரை. அந்த அழுத்தம் எப்படியிருக்கும் என்பதைக் கால் பழகிக்கொள்ளட்டும். பிறகு வாரத்துக்கு வாரம் கூட்டலாம். மறுநாள் காலையில் வலியும் வீக்கமும் முந்தைய நாளைவிடக் கூடினால் ஒரு படி இறங்குங்கள்.

அம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நிறைய. நரம்பு மரத்த காலில் வலி என்ற காவலாளி கிடையாது. ஊன்றக் கூடாது என்று சொன்னாலும், வலிக்காததால் இரவில் எழுந்து நடந்துவிடுவார்கள், ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வரும். அதனால் இவர்களுக்கு ஸ்க்ரூ எண்ணிக்கையைக் கூட்டி, காத்திருக்கும் காலத்தையும் ஏறக்குறைய இரண்டு மடங்காக்குவார்கள், 10–12 வாரம் சகஜம். ஆபரேஷன் முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு கூட, வலியில்லாமல் கால் சூடாகி, சிவந்து, வீங்கினால் சீழ் என்றோ சுளுக்கு என்றோ முடிவுகட்டாமல் உடனே காட்டுங்கள். எலும்புகள் நொறுங்கி உருக்குலையும் ஷார்கோ பாதத்தின் தொடக்கமாக இருக்கலாம். மாம்பழ சீசனில் விழுந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: பார்க்க வருகிறவர்கள் பழக்கூடையோடுதான் வருவார்கள். கூடையை வீட்டில் மற்றவர்கள் காலி செய்யட்டும்.

என்ன பயிற்சி? பிசியோதெரபிக்குத் தினமும் போக முடியாது.

கட்டு நீங்கிய பிறகு முக்கியமானது பாதத்தை மேல்நோக்கி மடக்குவது. கீழ்நோக்கிப் போவது தானாக வந்துவிடும். நாளைக்கு நான்கு ஐந்து முறை, துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, முழங்காலை நீட்டி, தன் பக்கம் 30 நொடி இழுத்து நிறுத்துங்கள், மூன்று தடவை. பிறகு காற்றில் பெருவிரலால் அ, ஆ, இ, ஈ எழுதுங்கள். நம் எழுத்துகளின் சுழிகள் கணுவை எல்லாப் பக்கமும் திருப்பிவிடும்.

ஊன்ற அனுமதி கிடைத்ததும் சுவர்ச் சோதனை. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல், முழங்கால் சுவரைத் தொட வேண்டும். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையில் எத்தனை விரல் இடைவெளி வரை முடிகிறது என்று இரண்டு காலிலும் அளந்து குறித்து வையுங்கள். குந்தி உட்காரவும், தோட்டச் சரிவில் ஏறவும், குழித்தறியில் மிதியை மிதிக்கவும் இந்த அளவுதான் தீர்மானிக்கிறது. நெசவாளர்கள் தறிக்குத் திரும்பும்போது முதல் வாரம் அரை நாள் போதும், மிதி அழுத்திய கால் சாயங்காலம் கனக்கும்.

வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லிக்கொடுக்க மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டுகள் இருக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கேளுங்கள்.

ஆட்டுக்கால் சூப், பத்தியம்?

ஆட்டுக்கால் சூப் குடியுங்கள், சுவையாக இருக்கும். ஆனால் எலும்பிலிருந்து சூப்பில் இறங்கும் கால்சியம் சொற்பம். 100 கிராம் கேழ்வரகில் 340 மி.கி. அளவுக்கு இருக்கிறது, களியோ கூழோ அதைவிடப் பயன். ஆறுவதற்கு வேண்டியது புரதம்: 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 70 கிராம். முட்டை, பால், பருப்பு, மீன், கொண்டைக்கடலை எல்லாம் சேர்த்தால்தான் அந்த அளவு வரும். "கத்திரிக்காய், மீன், புளி சாப்பிட்டால் சீழ் பிடிக்கும்" என்று சொல்லி ரசம் சோறு மட்டும் கொடுப்பது காயத்தைத் தாமதப்படுத்தும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறிக்கு உடனே ஓட வேண்டும்?

குறைந்துகொண்டிருந்த வலி நான்காம் நாளுக்குப் பிறகு திடீரென ஏறினால், காலில் போட்ட கட்டில் ஈரம் கசிந்தால், நாற்றம், காய்ச்சல் இருந்தால் சீழைச் சந்தேகியுங்கள். கெண்டைக்கால் கெட்டியாகி வலித்தால் ரத்தம் கட்டியிருக்கலாம். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள், காத்திருக்க நேரமில்லை. காலை உயர்த்தியும் மாத்திரை போட்டும் கட்டு தாங்க முடியாமல் இறுக்கினால் நள்ளிரவானாலும் போய்ப் பிரியுங்கள். வாரங்கள் கழித்து, தொட்டாலே எரிச்சல், தோல் பளபளப்பு, வியர்வை என்று வந்தால் அது நரம்பு சார்ந்த வலி. சீக்கிரம் காட்டினால் அடங்கும்.

பிளேட்டை எடுக்க வேண்டுமா?

தொந்தரவு இல்லையென்றால் வேண்டாம். செருப்பு வாரோ காலணி விளிம்போ உரசி வலித்தால் ஒரு வருடம் கழித்து எடுக்கலாம். சின்டெஸ்மோசிஸ் ஸ்க்ரூவை முன்பு எல்லோருக்கும் மூன்று மாதத்தில் எடுத்தார்கள், இப்போது தேவைப்பட்டால் மட்டும். நடக்க நடக்க அது உள்ளேயே உடைவதும் தளர்வதும் உண்டு. எக்ஸ்ரேயில் பார்த்துப் பதற வேண்டாம், மூட்டு கொஞ்சம் அசைய இடம் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம். மார்கழிக் குளிரில் பிளேட் இருக்கும் இடம் இழுப்பதாகப் பலரும் சொல்கிறார்கள், கம்பளிச் சாக்ஸ் போதும், அதற்காக ஆபரேஷன் வேண்டாம்.

வண்டி ஓட்ட?

வலது கால் என்றால் பிரேக்கை அழுத்தும் வேகம் பழைய நிலைக்கு வர ஆபரேஷனிலிருந்து சுமார் 9 வாரம் ஆகும் என்று அளந்திருக்கிறார்கள். இடது கால் என்றால் பைக்கின் கியரை மேலே தூக்கும் அசைவு வர வேண்டும், ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களும் நிறுத்தும்போது கால் ஊன்ற வேண்டும். தரையில் காலை ஓங்கி உதைத்துப் பாருங்கள். முகம் சுளித்தால் இன்னும் நேரம் வரவில்லை. மலைப்பாதை ஓட்டுகிறவர்கள் கூடுதலாக ஒரு மாதம் பொறுப்பது நல்லது.

செலவுக்கு என்ன வழி?

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்த ஆபரேஷன் செய்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பொருந்தும், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும்தான். ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று வேண்டும். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். முன் அனுமதி வந்த பிறகுதான் ஆபரேஷன் நடக்கும் என்பதால் வீக்கம் வடியும் நாட்களிலேயே இந்த வேலையை முடியுங்கள். சாலை விபத்து என்றால் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அடங்கும். விபத்துப் பதிவேட்டின் நகல், முதல் எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள், பிறகு இழப்பீட்டு வழக்கில் அவைதான் சாட்சி.

மூன்று மாதம் ஆயிற்று, சாயங்காலம் இன்னும் வீங்குகிறது. கொலுசு எப்போது போடலாம்?

வீக்கம் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை வந்து போகும். காலையில் வடிந்திருந்தால் கவலையில்லை. கொலுசைக் காலையில் அளந்து போடாதீர்கள். சாயங்காலம் வேலை முடிந்து கால் அதிகபட்சமாக வீங்கியிருக்கும்போது, சுண்டுவிரல் உள்ளே நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்கிறதா என்று பாருங்கள். பிளேட் வெளிக் கணுவில் தோலுக்கு அடியில் தட்டுப்படும். கனமான சலங்கைக் கொலுசு அதன் மேலேயே விழுந்து உரசினால் தழும்பு சிவக்கும். அப்படியானால் கண்ணியைக் கூட்டிப் பாதத்தை நோக்கிக் கீழே இறங்கும்படி செய்துகொள்ளுங்கள், அல்லது பிளேட் இருக்கும்வரை மெல்லிய கொலுசாகப் போடுங்கள்.